ஜென்னே ஏன் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது? ஒரு மண் ஊரின் பின்னணி

மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு படமும் கூடவே வருகிறது. பழுப்பு மண்ணால் எழுந்து நிற்கும் பெரிய பள்ளிவாசல், சுவரெங்கும் துருத்திக்கொண்டிருக்கும் மரக்கட்டைகள், முன்னால் சந்தைக் கூட்டம். ஊரின் பெயர் ஜென்னே. படம் மாறுவதில்லை, அதன் கீழே உள்ள செய்திதான் மாறுகிறது. ஒரு முறை, ஊரே கூடிப் பள்ளிவாசலுக்குச் சேறு பூசியது என்று வரும். இன்னொரு முறை, யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் ஊர் நீடிக்கிறது என்று வரும். பிறகு ஆயுதக் குழுக்கள் சாலையை மறித்த செய்தி.

இவற்றைச் சேர்த்துப் படிப்பவருக்கு இயல்பாகவே ஒரு குழப்பம் வருகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் கட்டடம் ஆபத்தில் இருப்பது எப்படி? யாராவது அதை இடித்துவிட்டார்களா? இல்லை. மாலியின் வடக்கே உள்ள திம்புக்து நகரில் 2012-இல் ஆயுதக் குழுக்கள் மகான்களின் கல்லறை மாடங்களை இடித்தது உண்மை. ஜென்னேயில் அப்படி எதுவும் நடக்கவில்லை, ஊர் அந்தக் குழுக்களின் கைக்குப் போகவும் இல்லை. இங்கே உள்ள ஆபத்து வேறு வகை. அதைப் புரிந்துகொள்ள ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

## ஆண்டுக்கு ஒரு முறை தீவாகும் ஊர்

நைஜர் ஆறு கடலை நோக்கி நேராகப் போவதில்லை. கினி நாட்டு மலைகளில் பிறந்து, வடகிழக்காகச் சகாராவின் விளிம்புவரை ஏறி, பிறகு வளைந்து தெற்கே இறங்குகிறது. அந்த ஏற்றப் பாதையில், மாலியின் நடுப்பகுதியில், நிலம் ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. ஆற்று நீர் பல கிளைகளாகப் பிரிந்து, ஏரிகளாகத் தேங்கி, மீண்டும் ஒன்றுசேர்கிறது. கடலே இல்லாத இடத்தில் உருவான இந்த டெல்டாவை 'உள்நாட்டு நைஜர் டெல்டா' என்கிறார்கள். நைஜரின் துணையாறான பானியை ஒட்டிய வெள்ளச் சமவெளியில், சற்றே மேடான ஒரு திட்டில் ஜென்னே அமைந்திருக்கிறது.

மழை ஜூனில் தொடங்கி செப்டம்பர்வரை பெய்கிறது. தெற்கே பெய்த மழை ஆற்றில் இறங்கி வர, சமவெளி முழுவதும் நீர் ஏறுகிறது. வெள்ளம் நிற்கும் மாதங்களில் ஜென்னே ஒரு தீவு. பிறகு நீர் மெல்ல வடிகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஆறு மெலிந்து, சுற்றிலும் வெடித்த வண்டல் நிலம் தெரிகிறது. நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து சுமார் 30 கிலோமீட்டர் வரும் பாதையில் பானி குறுக்கிடுகிறது. வண்டிகளையும் மனிதர்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைப் படகில்தான் அதைக் கடக்க வேண்டும்.

இந்த ஏறி இறங்கும் நீரை நம்பி மூன்று தொழில்கள் வாழ்கின்றன.

1. நெல். மார்க்கா மக்கள் இங்கே தலைமுறைகளாக நெல் விளைவிக்கிறார்கள். அவர்களின் பழைய நெல், ஆசிய நெல்லிலிருந்து கிளைத்தது அல்ல. ஆப்பிரிக்காவிலேயே காட்டுப் புல்லிலிருந்து பழக்கப்படுத்தப்பட்ட தனி இனம். முதல் மழையில் விதைத்து, வெள்ளம் ஏற ஏறத் தண்டு நீண்டு, நீர் வடியும்போது அறுவடைக்கு வரும்.

2. மீன். வெள்ளத்தோடு மீன்கள் சமவெளிக்கு ஏறிக் குஞ்சு பொரிக்கின்றன, நீர் வடியும்போது ஆற்றுக்குத் திரும்புகின்றன. அந்தத் திரும்பும் வழிகளில் வலை வீசுபவர்கள் போசோ மக்கள். டெல்டாவின் மூத்த குடிகள் அவர்களே என்று மற்றவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

3. மாடு. நீர் வடிந்த இடத்தில் 'புர்கு' என்னும் சத்தான நீர்ப்புல் மிஞ்சுகிறது. மழைக்காலத்தில் வடக்கே வறண்ட நிலங்களுக்குப் போன ஃபுலானி மக்களின் மந்தைகள், வறண்ட காலத்தில் அந்தப் புல்லைத் தேடித் திரும்பி வருகின்றன.

மூன்றும் நடப்பது ஒரே நிலத்தில். ஆனால் வெவ்வேறு மாதங்களில். முறை தவறினால், அதாவது அறுவடை முடியும் முன் மந்தை வந்துவிட்டால், அல்லது புல்வெளியை உழுது நெல் விதைத்துவிட்டால், சண்டைதான். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதிப் பகுதி இதன்மேல்தான் நிற்கிறது.

## அரண்மனை இல்லாத பழைய நகரம்

இன்றைய ஊரிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் ஒரு மண்மேடு இருக்கிறது. பெயர் ஜென்னே-ஜெனோ, பழைய ஜென்னே என்று பொருள். 1977-இல் ரோடரிக் மெக்கின்டோஷ், சூசன் மெக்கின்டோஷ் என்ற அமெரிக்கத் தொல்லியல் தம்பதியர் அங்கே அகழாய்வு தொடங்கினர். அதற்கு முன் அறிஞர்களிடையே பரவலாக இருந்த எண்ணம் இது: சகாராவின் தெற்கே நகரங்கள் தோன்றியதற்குக் காரணம், ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி வந்த அரபு வணிகம்.

அகழாய்வு அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. மக்கள் அங்கே குடியேறியது கி.மு. 250 வாக்கில். இரும்பு உருக்கினார்கள், நெல் விளைவித்தார்கள், மட்பாண்டம் வனைந்தார்கள். அரபு வணிகர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது நகரமாக வளர்ந்துவிட்டது. 33 ஹெக்டேர் பரப்பு, சுற்றிலும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீள மதில்.

என்னை மிகவும் ஈர்ப்பது அங்கே கிடைக்காத பொருள்கள்தான். அரண்மனை இல்லை. மன்னனின் பெரும் கல்லறை இல்லை. கொல்லர், மீனவர், நெசவாளர் என்று வெவ்வேறு தொழில் செய்தவர்கள் அருகருகே, ஆனால் தனித்தனித் திட்டுகளில் குடியிருந்திருக்கிறார்கள். ஒருவர் மேலிருந்து ஆண்டதைவிட, ஒருவரையொருவர் நம்பிப் பண்டம் மாற்றி வாழ்ந்த தடயமே மிகுதி. வண்டல் சமவெளியில் கல்லும் இல்லை, இரும்புத் தாதுவும் இல்லை, செம்பும் இல்லை. எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். ஈடாகக் கொடுக்க அரிசியும் கருவாடும் இருந்தன.

கி.பி. 1400 வாக்கில் பழைய ஊர் கைவிடப்பட்டது. அதற்கு முன்பே பக்கத்தில் எழுந்துவிட்ட இன்றைய ஜென்னே வளர்ந்துகொண்டிருந்தது. பழைய மேட்டுக்கு இன்னொரு துயரமும் நேர்ந்தது. அங்கே கிடைத்த சுடுமண் சிற்பங்களுக்கு உலகச் சந்தையில் விலை ஏறியதும் திருட்டுத் தோண்டல் தொடங்கியது. 1993-இல் அமெரிக்கா இந்தப் பகுதித் தொல்பொருள்களின் இறக்குமதிக்கு அவசரத் தடை விதிக்கும் அளவுக்கு அது போனது. தோண்டி எடுத்த சிலை எங்காவது ஓர் அலமாரியில் இருக்கும். அது எந்த வீட்டில், எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி என்றைக்குமாக அழிந்துவிட்டது.

## உப்பும் பொன்னும் சந்தித்த இடம்

திம்புக்துவின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் திம்புக்துவுக்குச் சோறு போட்டது ஜென்னே. பாலைவன விளிம்பில் இருந்த திம்புக்துவில் பயிர் விளையாது. ஜென்னேயின் அரிசி படகேறி ஆற்று வழியே அங்கே போனது. திரும்பி வந்த படகுகளில் சகாராவில் பாளமாக வெட்டிய உப்பு வந்தது. தெற்கே காட்டுப் பகுதிகளிலிருந்து பொன்னும் கோலாக் கொட்டையும் ஜென்னேக்கு வந்துசேர்ந்தன.

17-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் இமாமாக இருந்த அப்துர் ரஹ்மான் அஸ்-ஸஅதி, தாரீக் அஸ்-சூதான் என்ற தம் வரலாற்று நூலில் ஜென்னேயை முஸ்லிம் உலகின் பெருஞ்சந்தைகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். தகாசா உப்பும் பித்து நாட்டுப் பொன்னும் இங்கே சந்தித்ததாக எழுதுகிறார். ஊரைச் சுற்றி 7,077 கிராமங்கள் நெருக்கமாக இருந்தன, ஆட்சியாளர் யாரையாவது அழைக்க வேண்டுமென்றால் வாய்வழியே ஊர் ஊராகக் கூவியே சேதி சேர்த்துவிடலாம் என்றும் சொல்கிறார். எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சமவெளி எவ்வளவு நிறைந்திருந்தது என்பது அதில் தெரிகிறது.

ஆட்சிகள் மாறிய வரிசை சுருக்கமாக:

- 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் கோய் கொன்போரோ என்ற ஆட்சியாளர் இஸ்லாத்தைத் தழுவினார். தம் அரண்மனை இருந்த இடத்தைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தார் என்பது மரபு.
- 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொங்காய் மன்னர் சொன்னி அலி நீண்ட முற்றுகைக்குப் பின் ஊரைப் பிடித்தார்.
- 1591-இல் சொங்காய் அரசை மொரோக்கோ படை வீழ்த்தியது. ஜென்னே அதன் பிடிக்குள் வந்தது.
- 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக்கு அமாது என்ற ஃபுலானி அறிஞர் நிறுவிய மாசினா அரசு ஊரைக் கைப்பற்றியது.
- 1893-இல் பிரெஞ்சுப் படை வந்தது.

பிரெஞ்சு ஆட்சி ஜென்னேயின் வணிகத்தை ஒரே முடிவால் முடக்கியது. பானியும் நைஜரும் கூடும் இடத்தில், பெரும்படகு வந்துபோகக்கூடிய மோப்தியை அவர்கள் வட்டாரத் தலைமையிடமாக்கினார்கள். வணிகர்கள் அங்கே நகர்ந்தார்கள். ஜென்னே சிற்றூராகவே தங்கிவிட்டது. பழைய தெருக்களும் பழைய வீடுகளும் இவ்வளவு மிஞ்சியதற்கு அந்தத் தேக்கமும் ஒரு காரணம். 2009 கணக்கெடுப்பில், சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து இந்த நகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை 33,000-ஐ ஒட்டியே இருந்தது.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் பழைய ஜென்னே திரும்பி வருகிறது. அது திங்கட்கிழமை. பள்ளிவாசலுக்கு முன்னால் உள்ள திடலில் சந்தை கூடும். ஞாயிறு மாலையே படகுகளும் வண்டிகளும் வரத் தொடங்கிவிடும். போசோப் பெண்கள் புகைபோட்ட மீனைக் கூடைகளில் அடுக்குவார்கள். ஃபுலானிப் பெண்கள் சுரைக்குடுக்கைகளில் தயிரும் மோரும் கொண்டுவருவார்கள். டோகோன் நாட்டு வெங்காயம், ஷியா வெண்ணெய், உப்பு, மண்சாயம் தோய்த்த போகோலான் துணி எல்லாம் ஒரே திடலில். ஊருக்குள் பேசுவது சொங்காயின் ஒரு கிளைமொழி. சந்தையில் அதோடு ஃபுலானி, போசோ, பம்பாரா மொழிகளும் காதில் விழும். நெல், மீன், மாடு என்று பிரிந்து கிடக்கும் மூன்று வாழ்க்கைகளும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் நாள் அது.

## மண் சுவர் எப்படி நிற்கிறது

சுடாத மண்ணுக்கு எதிரி மழை. ஒவ்வொரு மழைக்காலமும் சுவரின் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகும். அதனால் பூச்சைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு, மூன்று ஆண்டுகள் விட்டால் வெடிப்பு விழும். வெடிப்பில் நீர் இறங்கினால் உள்ளே உள்ள, வெயிலில் காயவைத்த மண்கல் கரையும். பிறகு சுவர் சாயும்.

பூச்சுக்குச் சேறு தயாராகும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஆற்றோரக் களிமண்ணைக் குழிகளில் கொட்டி நீர் விடுகிறார்கள். நெல் உமியும் தவிடும் சேர்க்கிறார்கள். சிறுவர்கள் இறங்கி மிதிக்கிறார்கள். பிறகு நாள்கணக்கில், வாரக்கணக்கில்கூட ஊறவிடுகிறார்கள். உமி அழுகிப் புளித்து மண்ணைப் பசையாக்குகிறது. குழியிலிருந்து எழும் நாற்றம் தாங்க முடியாது, ஆனால் அந்த நாற்றம்தான் சேறு பக்குவமானதற்கு அடையாளம். மீன் மிகுந்திருந்த காலத்தில் ஆற்று மண்ணே இதைவிட வலுவாக இருந்தது என்று மூத்த கொத்தனார்கள் சொல்வதுண்டு.

பூசக் கரண்டி கிடையாது. சேற்றை உருண்டையாக எடுத்துச் சுவரில் அறைந்து உள்ளங்கையால் இழுத்துத் தேய்க்கிறார்கள். காய்ந்த பிறகும் விரல் தடம் சுவரில் இருக்கும்.

கொத்தனாருக்கு உள்ளூர்ப் பெயர் 'பாரே'. அவர்களின் சங்கம் 'பாரே தொன்'. ஒரு வீட்டுக்கும் ஒரு கொத்தனார் குடும்பத்துக்கும் உள்ள உறவு தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது. தாத்தா காலத்து வீட்டை அந்தத் தாத்தாவின் கொத்தனாருடைய பேரன்தான் பார்த்துக்கொள்வார். வீட்டுக்காரர் நினைத்த மாத்திரத்தில் ஆளை மாற்றிவிட முடியாது. தொழில் கற்க வரும் சிறுவன் சேறு சுமப்பதில் தொடங்கி, ஆண்டுகள் கழித்தே சுவர் எழுப்பும் உரிமையைப் பெறுகிறான். கட்டும் அறிவோடு, சுவரையும் ஆளையும் காக்கும் ஓதல்களையும் ஆசானிடமிருந்தே கற்கிறான்.

கல்லிலும் ஒரு மாற்றம் நடந்தது. 1930-கள்வரை கையால் உருட்டிச் செய்த உருளைக் கற்களே புழங்கின. அவற்றுக்கு 'ஜென்னே ஃபெரே' என்று பெயர். பிரெஞ்சுக் காலத்தில் மரச்சட்டத்தில் வார்க்கும் செவ்வகக் கல் வந்தது. அதை 'துபாபு ஃபெரே', அதாவது வெள்ளைக்காரன் கல் என்றே அழைத்தார்கள். புதுக் கல் வேலையை விரைவாக்கியது. பழைய உருளைக் கல்லால் எழுந்த சுவர்கள் அதைவிட உறுதியானவை என்பது கொத்தனார்களின் கணிப்பு.

## பள்ளிவாசலும் சேறு பூசும் நாளும்

பழைய பள்ளிவாசல் செக்கு அமாதுவுக்குப் பிடிக்கவில்லை. தொழுமிடத்துக்கு அவ்வளவு ஆடம்பரம் ஆகாது என்பது அவர் கொள்கை. பள்ளிவாசலை நேராக இடிப்பது பாவம். எனவே கூரையின் மழைநீர்த் தூம்புகளை அடைத்துவிட்டார் என்று ஊர் மரபு சொல்கிறது. தேங்கிய மழையே மிச்ச வேலையைச் செய்தது. 1828-இல் இவ்வழியே வந்த பிரெஞ்சுப் பயணி ரெனே கையே பார்த்தது பாழடைந்த கட்டடத்தைத்தான். 1834-க்கும் 1836-க்கும் இடையே செக்கு அமாது எளிமையான வேறொரு பள்ளிவாசலைக் கட்டினார்.

இன்று படங்களில் காண்பது 1906, 1907 ஆண்டுகளில் பழைய இடத்திலேயே எழுந்த கட்டடம். அப்போது கொத்தனார் சங்கத்தின் தலைவராக இருந்த இஸ்மாயிலா திராவோரே பணியை நடத்தினார். வடிவத்தில் பிரெஞ்சு அதிகாரிகளின் கை எவ்வளவு என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. கட்டியவை உள்ளூர்க் கைகள், உள்ளூர் மண், உள்ளூர் நுட்பம் என்பதில் விவாதமில்லை.

75 மீட்டருக்கு 75 மீட்டர் மேடை. சந்தைத் திடலைவிட 3 மீட்டர் அளவு உயரம். வெள்ளம் எட்டாமல் காப்பது அந்த உயரம். மக்கா திசையை நோக்கிய கிப்லாச் சுவரில் மூன்று கோபுரங்கள், உச்சியில் தீக்கோழி முட்டைகள். உள்ளே 90 தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. கூரையில் சுடுமண் மூடியிட்ட துளைகள் உண்டு, மூடியைத் திறந்தால் உள்ளே தேங்கிய வெப்பம் மேலேறி வெளியேறும்.

சுவரில் துருத்தும் கட்டைகளுக்குத் 'தோரோன்' என்று பெயர். அவை அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. பூச வருபவர்கள் ஏறி நிற்கும் நிரந்தரச் சாரம் அவை. ஆப்பிரிக்கப் பனையின் கட்டைகள். நம் பனைமரத்தின் மிக நெருங்கிய உறவு அந்த மரம், கறையான் எளிதில் அரிக்காது. பனங்கை போட்ட ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தேர்வின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

மழை தொடங்கும் முன், வழக்கமாக ஏப்ரல் மாதத்தை ஒட்டி, ஒரு நாளைக் குறிக்கிறார்கள். சேறு பக்குவமாகியிருக்க வேண்டும், ஆறு இறங்கியிருக்க வேண்டும். முந்தைய இரவு யாரும் தூங்குவதில்லை. மேளமும் பாட்டும் விடியும்வரை. விடியலில் பேட்டைக்குப் பேட்டை போட்டி. சேற்றுக் கூடையோடு முதலில் பள்ளிவாசலை எட்டும் பேட்டைக்குப் பரிசு. பெண்கள் ஆற்றிலிருந்து நீர் சுமக்கிறார்கள், இளைஞர்கள் சேறு சுமந்து ஓடுகிறார்கள், கொத்தனார்கள் தோரோனில் நின்று வாங்கிப் பூசுகிறார்கள். முதிய கொத்தனார்கள் கீழே உட்கார்ந்து எங்கே கை தவறுகிறது என்று குரல் கொடுக்கிறார்கள். சில மணி நேரத்தில் ஒரு மாபெரும் கட்டடம் தலை முதல் அடி வரை புதுத் தோல் போர்த்திக்கொள்கிறது.

## காப்பாற்ற வந்தவர்களும் குடியிருப்பவர்களும்

1988-இல் பழைய ஊரையும் ஜென்னே-ஜெனோ உள்ளிட்ட தொல்லியல் மேடுகளையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பெருமை வந்தது, பயணிகள் வந்தார்கள், வழிகாட்டிகளுக்கும் விடுதிகளுக்கும் வருமானம் வந்தது. கூடவே ஒரு கட்டுப்பாடும் வந்தது: வீட்டின் தோற்றத்தை மாற்றக்கூடாது.

பயணி பார்ப்பது அழகிய மண் வீட்டை. வீட்டுக்காரர் பார்ப்பது பூச்சுக்கான செலவை. உமி வாங்க வேண்டும், மண் கொண்டுவர வேண்டும், கொத்தனாருக்குக் கூலி தர வேண்டும். அதனால் பலர் 1980-களை ஒட்டியே சுவருக்குச் சுட்ட ஓடு பதிக்கத் தொடங்கினார்கள். ஓடு பதித்தால் ஆண்டுதோறும் பூச வேண்டாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மண் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே ஓடோ சிமென்டோ போர்த்தினால், ஒரு விரிசல் வழியே நுழைந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். வெளியே சுவர் பளிச்சென்று இருக்க, உள்ளே கல் குழம்பாகிக்கொண்டிருக்கும். சாயும் நாளில்தான் தெரியவரும்.

நல்ல எண்ணத்தோடு வந்த உதவிகளும் இப்படிச் சறுக்கியதுண்டு. குழாய்த் தண்ணீர் வந்தது, கழிவுநீர் போக வழி அமைக்கப்படவில்லை. ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்த காலத்தில் தெருவில் ஓடாத நீர், குழாய் வந்தபின் சந்துகளில் தேங்கி மண் சுவர்களின் அடியை அரித்தது. நெதர்லாந்தின் நிதியில் 1996 முதல் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் உள்ளூர்க் கொத்தனார்களின் கையாலேயே சீரமைக்கப்பட்டது இதற்கு மாறான, நல்ல அனுபவம்.

பள்ளிவாசலில் இந்த இழுபறி உயிரையே வாங்கியது. 2006 செப்டம்பரில் ஆகா கான் அறக்கட்டளையின் சீரமைப்புப் பணிக்காகக் கூரையை ஆராய ஆட்கள் ஏறியபோது, தங்களைக் கேட்காமல் ஏதோ நடக்கிறது என்று கூட்டம் கொதித்தது. கலவரத்தில் ஓர் இளைஞர் இறந்தார். பிறகு பேச்சு நடந்து வேலை தொடர்ந்தது. அந்த வேலையில் ஒரு முக்கியமான உண்மை வெளிப்பட்டது. பல பத்தாண்டுகளாகப் பூச்சின் மேல் பூச்சு ஏறி, கட்டடம் தாங்க முடியாத பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது. 2009 நவம்பர் 5 அன்று, ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை பெய்ததில் தென்பக்கக் கோபுரத்தின் மேற்பகுதி சரிந்தது. பழைய அடுக்குகளைச் சுரண்டி எடுத்து, கோபுரத்தை மீண்டும் எழுப்பினார்கள். பூசாமல் விட்டால் மட்டும் அல்ல, கணக்கில்லாமல் பூசிக்கொண்டே போனாலும் மண் கட்டடம் விழும். எவ்வளவு பூசுவது, எப்போது சுரண்டுவது என்பதெல்லாம் கொத்தனாரின் கைக்கணக்கு. அந்தக் கைக்கணக்கைத் திட்ட அறிக்கையில் எழுதி வைத்துவிட முடியாது.

## சாலை மூடினால் சுவர் ஏன் சாய்கிறது

2012-இல் மாலியின் வடக்கே கிளர்ச்சி வெடித்தது. 2013 ஜனவரியில் பிரெஞ்சுப் படை தலையிட்டது. பின்னர் மோதல் நடுப்பகுதிக்கு இறங்கியது. இங்கே முன்னணியில் இருப்பது அமாது கூஃபா தலைமையிலான மாசினா படைப்பிரிவு. பெயரைக் கவனியுங்கள், செக்கு அமாதுவின் அரசை நினைவூட்டுவதற்காகவே வைத்த பெயர். 2017-இல் அது ஜே.என்.ஐ.எம். என்ற, அல்-காய்தாவைச் சார்ந்த கூட்டணியில் சேர்ந்தது.

இதை மதப் போராக மட்டும் வாசித்தால் டெல்டா புரியாது. செக்கு அமாதுவின் காலத்தில் எந்த மந்தை எந்த வழியில், எந்த நாளில், எந்தப் புல்வெளிக்குள் நுழையலாம் என்பதற்கு விதிகள் வகுக்கப்பட்டன. 'ஜோரோ' எனப்படும் புல்வெளித் தலைவர்கள் அதை நடத்தினார்கள். பிற்காலத்தில் மூன்று மாற்றங்கள் அந்த ஒழுங்கைக் குலைத்தன:

1. 1970-களிலும் 80-களிலும் வந்த கொடும் வறட்சிகளில் வெள்ளம் சுருங்கியது. புல்லும் மீனும் குறைந்தன.
2. நெல் வயல்கள் தாழ்வான புல்வெளிகளுக்குள் இறங்கின.
3. ஜோரோக்கள் வாங்கிய மேய்ச்சல் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. சாதாரண இடையர்களுக்கு அது பெருஞ்சுமை. ஆயுதக் குழு கால் ஊன்றியது இந்தக் குறையில்தான்.

இதற்கு எதிராகக் கிராமங்களில் வேட்டைக்காரர்களின் தற்காப்புப் படைகள் எழுந்தன. பழிக்குப் பழி தொடர்ந்தது. ஜென்னே வட்டாரத்தில் உழவர்கள் வயலுக்குப் போக முடியாத பருவங்கள் வந்தன.

இப்போது பள்ளிவாசலுக்குத் திரும்புவோம். வயலுக்குப் போக முடியாவிட்டால் நெல் இல்லை. நெல் இல்லையென்றால் உமி இல்லை. உமி இல்லாத சேறு சுவரில் பிடிக்காது. சாலை பாதுகாப்பில்லாவிட்டால் பயணி வரமாட்டார், வீட்டுப் பூச்சுக்கான காசும் வராது. திங்கட்கிழமைச் சந்தைக்கு வர அஞ்சுபவர்கள் பெருகினால், மூன்று தொழில்காரர்களும் முகம் பார்க்கும் ஒரே நாளும் தேய்ந்துவிடும். 2025 செப்டம்பர் முதல் ஜே.என்.ஐ.எம். எரிபொருள் லாரிகளைத் தாக்கத் தொடங்கியபோது, தலைநகர் பமாக்கோவிலேயே பெட்ரோலுக்கு நீண்ட வரிசை நின்றது, நாடு முழுவதும் பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை விட வேண்டியிருந்தது. தலைநகருக்கே அந்த நிலை என்றால், மிதவைப் படகையும் சரக்கு வண்டியையும் நம்பியிருக்கும் ஊரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

## 'ஆபத்துப் பட்டியல்' என்றால் என்ன

2016-இல் யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு ஜென்னேயை இந்தப் பட்டியலில் சேர்த்தது. பழைய ஊரில் கட்டுமானப் பொருள்களின் சிதைவு, நகரப் பெருக்கத்தின் அழுத்தம், தொல்லியல் மேடுகளின் அரிப்பு, பாதுகாப்பின்மையால் காப்புப் பணிகள் நடக்க முடியாத நிலை ஆகியவை காரணங்கள். பட்டியலில் சேர்ப்பது தண்டனை அல்ல, சின்னத் தகுதி பறிபோகவும் இல்லை. உதவியும் கவனமும் தேவை என்று உலகுக்குச் சொல்லும் அறிவிப்பு அது.

ஆக, பள்ளிவாசலுக்குச் சேறு பூசப்படுகிறது என்ற செய்தியும், ஊர் ஆபத்தில் இருக்கிறது என்ற செய்தியும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. பள்ளிவாசலுக்கு ஊரே திரளும். ஆனால் சந்துக்குள் இருக்கும் ஒரு தனி வீட்டுக்கு, அந்தக் குடும்பமும் அதன் கொத்தனாரும் மட்டுமே. வீட்டுக்காரர் பிழைப்புத் தேடிப் பமாக்கோ போய்விட்டால் இரண்டு மழையில் கூரை இறங்கிவிடும். பட்டியல் கவலைப்படுவது அந்த வீடுகளைப் பற்றித்தான்.

அடுத்த முறை சேறு பூசும் நாளின் படம் கண்ணில் பட்டால், சேற்றில் குளித்துச் சிரிக்கும் சிறுவர்களைத் தாண்டி மேலே பாருங்கள். தோரோனில் ஏறி நின்று கையால் பூசுபவர்களுக்கு என்ன வயதிருக்கும் என்று பாருங்கள். அங்கே நரைத்த தலைகளுக்குப் பக்கத்தில் இருபது வயதுக் கைகளும் தெரிகின்றனவா என்பதைத்தான் ஜென்னேயின் கொத்தனார் சங்கமும் ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கும்.